ஆபீஸ் அழித்த மழலை

ஈஜிபுரா, ஞாயிறு

அன்புள்ள எட்வினுக்கு,

ஆண்டவர் கிருபையால் நலம். உங்கள் இருமலும் நம் பாப்பாவின் சளியும் குறைந்ததா?

இங்கே சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். குறிப்பெழுத ஆபீசில் மறுபடியும் புதுச் செயலி தேர்ந்தெடுத்தார்கள். 'உங்கள் இரண்டாவது மூளை' என்று விளம்பரம். முதலாவதைப் பயன்படுத்தியிருந்தால், பழைய செயலியை அழிக்குமுன் எங்களைக் கேட்டிருப்பார்கள்.

பாப்பா போனில் பேசிய மழலையையெல்லாம் வேலைக்கு நடுவே அந்தப் பழையதில்தான் எழுதி வைத்திருந்தேன். இப்போது அவள் திருத்தமாகப் பேசுகிறாள். இனி அது கிடைக்காது. மேனேஜர் நரேஷிடம் கத்தினேன்.

"பர்சனல் தானே மேடம், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்றார், கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று கன்னடத்தில்.

"உங்க கல்யாண ஆல்பத்தைக் கொளுத்திட்டு நானும் அதையே சொல்றேன் சார்" என்றேன்.

ஊரிலிருந்து மிளகாய்த்தூள் அனுப்பும்போது, அவள் பேசியதில் உங்களுக்கு நினைவிருப்பதை எழுதிப் பொட்டலத்தில் வையுங்கள். ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. கொசுவுக்கு அவள் என்ன பெயர் வைத்திருந்தாள்? எனக்கு ஞாபகம் வரவில்லை.

உங்கள்
பியாட்ரிஸ்