தத்து என்று சொன்ன வாய்

மே 6, திங்கள்

காலையிலிருந்து தலையணை உறை எண்ணிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வெளிநாட்டு ஊழியக் குழு வருகிறது. ஒன்பது பேர், பத்து நாள். ஒருவருக்கு நிலக்கடலை ஆகாது, ஒருவருக்குப் பால் ஆகாது, எல்லோருக்கும் காரம் ஆகாது. ஆண்டவரே, இவர்களை ஏன் திருவனந்தபுரத்துக்கு மே மாதம் பார்த்து அனுப்புகிறீர்?

மொழிபெயர்ப்பு இந்த வருஷமும் நான்தான். பதினான்கு வருஷமாகச் சபை ஆபீசில் ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது மேடை மைக்தான். அவர்கள் ஆங்கிலத்தில் ஒரு வரி முடிப்பதற்குள் நான் தமிழில் முடித்திருப்பேன். திக்கியதே கிடையாது. "அக்காவுக்கு அது பச்சவெள்ளம் போலல்லே" என்று போதகர் பிரபின் இன்றும் சொன்னார், பச்சைத் தண்ணீர் குடிப்பது போல என்று. நாற்பத்தொரு வயதில் இந்தக் கர்வம் பாவம் என்று தெரியும். இருந்தாலும் காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

மே 8, புதன்

குழு வந்துவிட்டது. கேரல் அம்மா விமான நிலைய வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, "என் பெண் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டார். போன வருஷமும் வந்தவர், அறுபது வயது, பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கேரளாவுக்கு வந்த கேரல் என்று நான் சொன்னதற்கு இந்த வருஷமும் புதிதாகக் கேட்டதுபோல் சிரித்தார்.

அவர் பெண் என்று சொன்னது ஜானவியை. ஆரியசாலைக்குப் பின்னால் இருக்கும் கோலனியில், தலைச்சுமை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஐயப்பனின் மகள். கேரல் போனில் படம் காட்டினார். அவர் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஜானுவின் போட்டோ ஒட்டியிருக்கிறது. தினம் காலையில் பால் எடுக்கும்போது அதைத் தொட்டு ஜெபம் செய்வாராம். ஒரு நாள்கூடத் தவறவில்லையாம்.

நம்புகிறேன். பொய் சொல்லும் முகம் இல்லை அது.

மே 9, வியாழன்

ஒழுங்காக எழுத வேண்டும்.

பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகம வகுப்பு இன்று கோலனியில் ஆரம்பித்தது. ஜானுவின் அம்மா இசக்கியம்மா மகளுக்குப் புதுக் கவுன் போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் திருநெல்வேலி போகிற குடும்பம்தான். மகளுக்கு எங்கள் பாட்டுப் பிடிக்கும் என்று அனுப்புவாள். வகுப்பு முடிந்ததும் என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டாள்.

"டீச்சர், இந்தத் தடவ கூட்டிட்டுப் போயிருவாவல்லா?"

"யாரை?"

"ஜானுவத்தான். நீங்கதான சொன்னிய, தத்தெடுத்துட்டாவன்னு. கையெழுத்தும் வாங்கினியளே."

சொன்னேன். நான்தான் சொன்னேன். போன வருஷம் கடைசி நாள் கூட்டத்தில், குழுவினர் ஆளுக்கொரு பிள்ளையின் படம் உள்ள அட்டையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைக்காக வருஷம் முழுவதும் ஜெபிப்பது, அவ்வளவுதான். அதை அவர்கள் பேச்சில் 'அடாப்ட்' செய்வது என்பார்கள். கேரல் மைக்கில் "ஜானவியை நான் அடாப்ட் செய்திருக்கிறேன்" என்றார். நான் ஒரு விநாடி யோசிக்காமல், "ஜானவியைத் தத்தெடுத்திருக்கிறார்கள்" என்றேன். பச்சத் தண்ணீர் போல. அட்டையோடு பிள்ளையின் படத்தைக் கொண்டுபோகச் சம்மதம் என்று, கூட்டம் முடிந்ததும் அம்மா அப்பாவிடம் கையெழுத்து வாங்கினேன். இசக்கியம்மா அதில் கையெழுத்துப் போட்டபோது அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று கேரலிடம் சொன்னதும் நானே.

ஜானு நாலாம் வகுப்பு முடித்துவிட்டாள். ஐந்துக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். இசக்கியம்மா எங்குமே சேர்க்கவில்லை. போகிற பிள்ளைக்கு எதற்கு அட்மிஷன் என்று விட்டுவிட்டாளாம். அரசாங்க விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் அக்ஷயா சென்டரில் பாஸ்போர்ட் பற்றிக் கேட்டாளாம், அவர்கள் என்னென்னவோ காகிதம் கேட்டார்களாம்.

"அதெல்லாம் அவிய பாத்துக்கிடுவாவல்லா?" என்றாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஒரே வரி. இல்லை இசக்கி, என் தப்பு, அப்படி இல்லை.

"பார்ப்போம்" என்றேன்.

மே 10, வெள்ளி

சொல்லவில்லை.

மே 11, சனி

போதகரிடம் சொன்னேன். பிரபின் நல்ல பிள்ளை. என்னைவிட எட்டு வயது இளையவர். கேட்டதும் கையிலிருந்த சாயாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, இப்ப ஆருட்டயும் பறயண்டா."

"சொல்லாம எப்படி பாஸ்டர்?"

"வெளிநாட்டுக்காரங்க பிள்ளையக் கொண்டு போக வந்திருக்காங்கன்னு ஒரு வாக்கு வெளிய போனாப் போதும். போலீஸ், பார்ட்டிக்காரங்க, சானல், எல்லாரும் கேட்டில் நிப்பாங்க. ஒம்பது பேரும் டூரிஸ்ட் விசாவாக்கும், அதுல ஊழியமே செய்யக் கூடாது. அவங்க பதினெட்டாம் தேதி போகட்டு. பின்னே விசா கிட்டலன்னு சொல்லிரலாம்."

"அது பொய்யில்லையா?"

"அப்ப தத்துன்னு சொன்னது மெய்யா?"

ஒன்பது பேரை நினைத்தால் அவர் சொல்வதும் சரி. ஜானுவை நினைத்தால் சரியில்லை. விசா என்று சொன்னால் இசக்கியம்மா அடுத்த வருஷம் கிடைக்கும் என்று காத்திருப்பாள். அந்த அம்மாவுக்குக் காத்திருப்பதில் சலிப்பே கிடையாது, பார்த்துவிட்டேனே.

மே 12, ஞாயிறு

ஆராதனையில் கேரல் சாட்சி சொன்னார், நான் மொழிபெயர்த்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன். "இன்னிக்கு என்ன டீச்சர், சொகமில்லையோ?" என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மே 13, திங்கள்

ஜானு ஆங்கிலம் படித்துக்கொண்டிருக்கிறாள். 'மில்க் ப்ளீஸ்', 'பாத்ரூம் ப்ளீஸ்', 'ஐ ஆம் நாட் க்ரையிங்'. மூன்றாவதை யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். பக்கத்து வீட்டு மஹேஷ் அண்ணனாம். அம்மாதான் கேட்டு எழுதி வாங்கினாளாம்.

வண்ணக் காகிதம் ஒட்டிக்கொண்டே சொன்னாள். "டீச்சர், அம்ம இப்ப என்னைய அடிக்கதே இல்ல."

"நல்லதுதானே."

"ஒரு வருசமா அடிக்கல. ஏசக்கூட இல்ல. சோத்துல கருவாட்டுத் துண்டு பூரா எனக்குத்தான். வேற வீட்டுப் பிள்ள வந்தா வைப்பாவல்லா, அப்படி." இன்னொரு காகிதத்தை ஒட்டினாள். "அங்க ரசம் கிட்டுமா டீச்சர்?"

பசையை எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். ராகேல், நீ ஒரு கோழை. எழுதி வைத்துக்கொள்.

மே 14, செவ்வாய்

இசக்கியம்மா ஆபீசுக்கு வந்தாள். அங்கே குளிருமா, எத்தனை சுவெட்டர், தேங்காய் எண்ணெய் கிடைக்குமா. பேன் வந்தால் அந்த அம்மா பார்ப்பார்களா, அருவருப்புப் படுவார்களா. பேன் என்று சொன்ன இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அனுப்ப மனசிருக்கா உனக்கு?" என்று கேட்டேன். வேண்டாம் என்று அவளே சொல்லிவிட மாட்டாளா என்ற ஆசை. என் வேலையை அவள் தலையில் கட்டப் பார்த்தேன், அதுதான் நிஜம்.

"மனசு கெடக்கு டீச்சர். அவ அப்பாக்கு இடுப்பு போயாச்சு. நான் செத்தா அவளுக்கு ஆரிருக்கா? நல்லா இருந்தாப் போதும். என்னைய மறந்தாலும் பரவாயில்ல."

அவள் போன பத்து நிமிஷத்தில் கேரல் வந்து உட்கார்ந்தார். ஜானவியின் அம்மா என்னை ஒரு மாதிரி பார்க்கிறாரே, நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா, நீ கேட்டுச் சொல்லேன் என்றார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் செருப்பைக்கூடப் போடாமல் கோலனிக்கு ஓடுவார், அங்கே கையைப் பிடித்து அழுவார், அதையும் நானே மொழிபெயர்க்க வேண்டும். "இங்கே அப்படித்தான் பார்ப்பார்கள்" என்றேன்.

இரண்டு பேருக்கும் என்னைவிட்டால் வழி இல்லை. எனக்கும் என்னைவிட்டு வெளியே போக வழி இல்லை.

மே 16, வியாழன்

மழை. கரண்ட் இல்லை. "நாளைக் கழிஞ்சா தீந்தது அக்கா" என்று போதகர் மூன்று தடவை சொன்னார். கேரல் கேட்டார் என்று விடைபெறும்போது சொல்ல ஒரு தமிழ் வாக்கியம் கற்றுக்கொடுத்தேன்: போயிட்டு வர்றேன். ற வரவில்லை. நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 17, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாலு மணிக்குக் கோலனி ஹாலில் வழியனுப்புக் கூட்டம். இசக்கியம்மா பட்டுச் சேலை கட்டியிருந்தாள், கல்யாணச் சேலையாக இருக்கும். கையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய். ஜானுவுக்கு இரட்டைச் சடை, கனகாம்பரம். ஐயப்பன் உள்ளே வரவில்லை. வாசலில் ஒரு சின்னப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். கையில் பிடிக்கிற பெட்டிதான். பழக்கம் போல.

கேரல் மைக்கில் பேசினார். உங்களை விட்டுப் போவது கஷ்டமாக இருக்கிறது, ஜானவியை என் நெஞ்சில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். "நெஞ்சில் வைத்து" என்று அழுத்தித்தான் சொன்னேன். இசக்கியம்மாவின் காதில் வீட்டுக்குக் கொண்டுபோவது மட்டும் விழுந்தது. எழுந்து மேடைக்கு வந்தாள். தட்டைக் கேரல் கையில் கொடுத்தாள். பிறகு ஜானுவின் கையைப் பிடித்து, கேரல் கையில் வைத்து, மேலே தன் கையை வைத்து மூடினாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். குழுவினர் படம் எடுத்தார்கள். கேரல் அழுதுகொண்டே "இவர் என்ன சொல்கிறார், ராகேல்?" என்றார். இசக்கியம்மா ஒன்றுமே சொல்லவில்லை. ஜானு என்னை நிமிர்ந்து பார்த்து, "ஐ ஆம் நாட் க்ரையிங்" என்றாள்.

போதகர் கண்ணாலே வேண்டாம் என்றார். பார்த்தேன். மைக்கைக் கீழே வைத்தேன். இசக்கியம்மாவின் பக்கத்தில் போய் நின்றேன். முதல் தடவையாகத் திக்கினேன்.

"இசக்கி, இது அவங்க சொல்றது இல்ல, நான் சொல்றது. தத்துன்னு நான் சொன்னது தப்பு. அவங்க ஜானுவுக்காக ஜெபம் பண்றாங்க. அவ்வளவுதான். கூட்டிட்டுப் போகல. போன வருஷமும் அதத்தான் சொன்னாங்க. நான்தான், எனக்கு, எனக்குத்தான் வார்த்தை தப்பிப்போச்சு."

அவள் முதலில் செய்தது, கேரல் கையிலிருந்து ஜானுவின் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அப்ப எம் பிள்ள எங்கூடத்தானா?" என்றாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் அது இருந்தது.

பிறகு, "அப்ப அவியளுக்கு எம் பிள்ளையப் பிடிக்கலியா? கேளுங்க டீச்சர்."

கேட்டேன். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கேரலிடம் சொல்லி, கடைசியில் அதையும் கேட்டேன். அவர் தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே தமிழை எடுத்தார். "போயிட்டு வர்ரேன்" என்றார்.

"அது வேண்டாம்" என்றாள் இசக்கியம்மா. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "போறேன்னு சொல்லச் சொல்லுங்க."

நம் வாயால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டோம். துக்க வீட்டில்தான் சொல்லாமல் போவோம், அப்போதும் போறேன் என்று சொல்வதில்லை. அதைக் கேரலுக்கு நான் கற்றுக்கொடுத்தேன். ஒரே வார்த்தை. அவர் கேட்டு, பெரிய ற சரியாக வர, சொன்னார்.

"போறேன்."

இசக்கியம்மா தலையை ஆட்டினாள். தட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு மகளோடு இறங்கிப் போனாள். வாசலில் நின்ற ஐயப்பன் அவர்கள் பின்னால் நடந்தார். அந்தப் பெட்டியை அதே தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மே 18, சனி

குழு போய்விட்டது. கேரல் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை.

மே 22, புதன்

போலீஸ் வரவில்லை, சானல் வரவில்லை. "தெய்வாதீனம்" என்றார் போதகர். அடுத்த வருஷம் மொழிபெயர்ப்பு அவர் மனைவி லிபி பார்த்துக்கொள்வாராம். "அக்காவுக்கு ஒரு ரெஸ்ட்." சரி என்றேன். சாயா குடித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

மே 29, புதன்

கேரலிடமிருந்து மெயில். ஜானுவின் படத்தை ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று அவள் அம்மாவிடம் கேட்டுச் சொல்ல முடியுமா என்று எழுதியிருக்கிறார். ஊர் திரும்பியதிலிருந்து ஃப்ரிட்ஜைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறதாம்.

ஜூன் 3, திங்கள்

பள்ளிக்கூடம் திறக்கும் நாள். ஆபீசுக்கு முன்னால் கோலனிக்குப் போனேன், கேரலின் கேள்வியோடு. மழை விட்டிருந்தது.

இசக்கியம்மாவின் குரல் தெருமுனைக்கே கேட்டது. "எருமமாடு! நேத்து வாங்கின கொடைய எங்க கொண்டு தொலச்ச? கண்ணு பொடதியிலயா இருக்கு?" சீப்பால் ஒரு தட்டு. ஜானு ஓவென்று அழுதாள், வீடு நிறைய, ஊர் கேட்க. ஒரு வருஷத்து அழுகை முழுவதையும் அழுவது போலிருந்தது. அழுகையின் நடுவிலேயே சடை பின்னி முடிந்தது.

புது யூனிபார்மில் வெளியே வந்தாள். சாலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான், நடந்தே போகலாம். வாசலில் திரும்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போயிட்டு வாரேம்மா" என்றாள்.

"செரி, நேர வீட்டுக்கு வா."

ஜானு என்னைக் கடந்து ஓடினாள். அப்போதுதான் இசக்கியம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி எடுத்தாள்.

"மழ வருது. நீங்க போங்க டீச்சர்."

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமல் ஆபீசுக்கு வந்தேன்.