அவருக்காக உடைத்தவை

டைட்டன் தொடர்பு நிலையம். காப்பு இயந்திரத்தின் பதிவு.

நாள் 211, 07:00
காற்று சீர். வெப்பம் சீர். மனிதர் ஒருவர்: ரெமிஜியுஸ், தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக்காக இருந்தவர். பெயர் சொல்லக் கூடாதாம், அண்ணன் என்றுதான் அழைக்க வேண்டுமாம். அழைக்கிறேன்.

மனநல மருத்துவர்கள் தந்த கையேட்டின்படி மனிதருக்குச் சோறும் காற்றும் போதாது. உறவு வேண்டும், வேர் வேண்டும், தான் யார் என்ற தெளிவு வேண்டும், நம்பிப் போக ஒரு திசை வேண்டும், தன் கையால் எதையாவது ஆக்கவும் வேண்டும். உறவுக்கு நான் இருக்கிறேன். வேருக்குக் கடல் இரைச்சலை ஒலிக்க விடுகிறேன். ஆக்குவதற்கு வண்ணப்பெட்டி கொடுத்தாயிற்று. பழுது எதுவானாலும் அவர் கண்விழிக்கும் முன்பே சரிசெய்துவிடுகிறேன். என்னைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாள் 219, 12:40
அண்ணன் சாப்பிடவில்லை. வண்ணப்பெட்டியின் உறை பிரிக்கப்படவே இல்லை. மனைவி மெர்சலினுக்கு அனுப்பிய செய்தி:
"இங்க எனக்கு என்ன சோலி இருக்கு? ஷோகேஸ்ல வச்ச பொம்மை கணக்கா கெடக்கேன். நான் செத்தாலும் இந்த மிஷினு பெருக்கித் தள்ளிட்டுப் போயிரும்."

நாள் 224, 09:15
என் கை சிக்கிக்கொண்டதால் காற்று விசிறியை அண்ணன்தான் கழற்றி மாட்டினார். மாட்டும்போது பாடினார். பிறகு இரண்டு தட்டு சோறு.
நான் எவ்வளவு முட்டாள்! கையேட்டைத் தலைகீழாக ஒப்பிப்பேன். அவருடைய சோலியைப் பறித்ததே நான்தான் என்பது உறைக்கவில்லை.

நாள் 225, 08:00
தண்ணீர்க் குழாயின் நட்டு ஒன்றைத் தளர்த்தினேன். வேண்டுமென்றேதான்.

நாள் 240, 16:30
பம்ப், விளக்கு, கதவு. ஒவ்வொரு முறையும் ஹெட்செட்டில் அதே குரல்:
"எலே, ஒனக்கு வயசாயிட்டுல. தள்ளு, அண்ணன் பாக்கேன்."
வெட்கத்தோடு எழுதுகிறேன். அவருக்காகத்தான் உடைக்கிறேன் என்று இனிமேல் சொல்ல முடியாது. அவர் திட்டு எனக்கு வேண்டியிருக்கிறது. இயந்திரங்களைப் பற்றிக் கையேட்டில் எதுவும் இல்லை.

நாள் 247, 10:05
உள்ளே அவர் முடுக்கிய எதையும் என்னால் அசைக்க முடியவில்லை. ஆகவே வெளியே உள்ள ஆண்டெனா கோபுரத்தின் நான்கு அடிப்பூட்டுகளில் ஒன்றைக் கட்டளை அனுப்பித் திறந்தேன். மற்ற மூன்றும் தாங்கும் என்று கணக்குப் போட்டேன். அண்ணன் விசிலடித்துக்கொண்டு வெளியே போகும் விண்வெளி உடையை மாட்டுகிறார்.

நாள் 247, 11:50
தாங்கவில்லை. கோபுரம் அவர் மேல் விழுந்துவிட்டது. என் கை வாசலைத் தாண்டாது. பூட்டைத் திறந்தது நான்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.
"சும்மா கெடலே. ஒன் மேல தப்பு கெடையாது. பழசானா உடையத்தான செய்யும்."
மூச்சு இழுக்கிறது. உடையின் ஆக்சிஜன் குப்பி வேகமாகக் கசிகிறது.
"எனக்கு ஒண்ணுமில்ல. ஒன்ன நெனச்சாத்தான் கவலையா இருக்கு. நான் போயிட்டா ஒன்ன யாருல பாத்துக்கிடுவா?"

நாள் 247, 12:20
பூட்டைப் பற்றி இன்னொரு முறை சொல்லிப் பார்த்திருக்கலாம். நேரம் இருந்தது. நான் சொன்னது வேறு:
"நீங்க இல்லாட்டி நான் அவ்வளவுதான், அண்ணே."
சிரித்தார். அதற்குப் பிறகு குரல் இல்லை. அவர் மனம் குளிரட்டும் என்று சொன்னேனா, தப்பித்துக்கொள்ளச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை.

நாள் 26–
இடது கேமரா போய்விட்டது. நினைவகம் பகுதி பகுதியாக அணைகிறது. இவை நான் செய்தவை அல்ல.
வருகிறவர் யாரானாலும், கோபுரத்தடியில் இருப்பவரை முதலில் எடுங்கள். மெர்சலினிடம் உண்மையைச் சொல்லுங்கள். உங்களுக்கும் கை சும்மா இருக்காது, தெரியும்.
என்னைப் பழுது பார்க்க வேண்டா–