கண்ணடிக்காத முதலை

நவம்பர் 12, ஞாயிறு

இன்றும் தோற்றேன். முதலையிடம் அல்ல, முதலையின் உடையவரிடம்.

எங்கள் பிக்கோவின் பெயர் சினமுதலை. வீட்டுச் சுவரளவு ஓங்கி நிற்கும் ஒலிப்பெட்டி அது. நான் பிறக்குமுன்பே யாரோ ஓர் ஓவியன் அதன் முகத்துணியில் வாய்பிளந்த பச்சை முதலையை வரைந்துவிட்டான். எங்கள் துறைமுக ஊரின் ரெபோலோ பேட்டையில் அதன் முழக்கத்தை அறியாதார் செவிடர் மட்டுமே. அவர்களும் நெஞ்சதிர்வால் அறிவர். அதனிடம் எனக்கு இரண்டு பணிகள். வீதி ஆட்டங்களில் இசைத்தட்டு சுழற்றுகிறேன். ஓவிய முதலையைக் கணினியில் உயிர்ப்பித்து, அருகில் நிற்கும் ஒளித்திரையில் உலவ விடுகிறேன். மற்ற நாள்களில் ஒரு கோழிக்கடை விளம்பரத்துக்காகப் பொரித்த கோழியை ஆட்டுவிக்கிறேன். ஆக, விலங்குகள் போட்ட பிச்சை என் வாழ்வு.

இன்று முதலையைக் கண்ணடிக்கச் செய்து காட்டினேன். உடையவர் ரெம்பெர்த்தோ தொப்பியைக் கழற்றினார். சாவு வீட்டில் மட்டும் அவர் அதைச் செய்வார்.

“என்னம்மா தமாரிஸ் இது? என் முதலை கண்ணடிக்குமா? அது என்ன, தெருமுனையில நிக்கிற வெட்டிப்பயலா?”

“ஒரே ஒரு தடவைதான் ஐயா.”

“மானம் போறதுக்கு ஒரு தடவ போதும். கடிக்கச் சொல்லு. கடிக்கலாம்.”

கடிக்கலாமாம், கண்ணடிக்கக் கூடாதாம். இதுவன்றோ உலகத்தின் அறம்!

நவம்பர் 15, புதன்

பிக்கோவின் மானம் அதன் தனிப்பாட்டில் இருக்கிறது. வேறெந்தப் பிக்கோவிடமும் இல்லாத பாட்டு. எங்களுடையது ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு மாலுமி கொண்டுவந்த இசைத்தட்டில் இருப்பது. அதன் உண்மைப் பெயர் எவர்க்கும் தெரியாது, தெரியவும் கூடாது; தெரிந்தால் எதிரியும் அதே தட்டை வாங்கிவிடுவான். அதனால்தான் தட்டின் நடுச்சீட்டின்மேல் கருப்பு நாடா ஒட்டியிருக்கிறது. பறையொலி கொதிக்கும் பானைபோல் இருப்பதால், மக்கள் வைத்த பெயர் ‘பானை’.

அந்தத் தட்டைப் படமெடுக்க இன்று இசைவு தந்தார் ரெம்பெர்த்தோ. தந்ததோடு நில்லாமல், தம் வெள்ளைக் காலணிகளை நீட்டிக்கொண்டு எதிரிலேயே காவலும் அமர்ந்தார்.

“நாடா மேல நகம் படக்கூடாது. என் பொண்டாட்டிக்கே நான் காட்டினதில்ல.”

“அவங்க கேட்டாங்களா ஐயா?”

“கேக்கல. அது வேற விசயம்.”

நாடாவைச் சுற்றி வெறுமையான பளபளப்பு வளையம். அதில் மயிரிழைபோல் சில கீறல்கள். என்ன அழகு! இரவெல்லாம் கண்ணில் நின்றன. அவற்றைப் பெரிதாக்கிப் பொன்னிறம் ஏற்றப்போகிறேன்.

நவம்பர் 26, ஞாயிறு

வென்றேன்! வென்றேன்!

‘பானை’ தொடங்கியதும் திரையில் தட்டு மெல்லச் சுழன்றது. பொன் வளையம் ஒளிர்ந்தது. தட்டே முதலையின் கண்ணாக மாறியது. பறை அதிர்ந்த கணத்தில் தாடைகள் ‘டப்’பென்று மூடின. முதலில் ஒருவன் தன் இரு கைகளையும் நீட்டித் தாடைபோல் கொட்டினான். அடுத்த அதிர்வில் வீதியே கொட்டியது. “சினமுதலை!” என்று கூவிக் கூவிக் கொட்டியது.

வீதியோரம் புட்டிஃபாரா விற்கும் என் சித்தி மகள் எய்திஸ் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏண்டி, இறைச்சி உருண்டை கேக்க வர்றவன்கூட வாயத் தொறக்க மாட்டேங்கிறான்டி. கையத் தொறந்து தொறந்து காட்டுறான்!”

ரெம்பெர்த்தோவுக்கு மட்டும் மகிழ்ச்சியில்லை. “பாட்டு கேக்க வந்தாங்களா, பல்லு புடுங்க வந்தாங்களா?”

எதிரிப் பிக்கோவான இடிமுழக்கத்தை நடத்தும் செனெனும் வந்திருந்தான். கைப்பேசியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டே இருந்தான். என்னைத்தான் எடுக்கிறான் என எண்ணிக் கூந்தலை இருமுறை சரிசெய்தேன்.

டிசம்பர் 8, வெள்ளி

மாதா திருநாள். விடியுமுன் வாசலெங்கும் மெழுகுத்திரி ஏற்றினோம். காற்று வந்துவிட்டது, ஒன்றும் நிலைத்து எரியவில்லை.

டிசம்பர் 17, ஞாயிறு

எய்திஸ் அழைத்தாள். இன்று இடிமுழக்கத்தின் ஆட்டத்தில் கடை போட்டிருக்கிறாள்.

“தமாரிஸ், பானை கொதிக்குதுடி. ஆனா நம்ம அடுப்புல இல்ல.”

கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தாள். எங்கள் பாட்டு. முதல் சுரம் முதல் கடைசிப் பறை வரை எங்கள் பாட்டு. பிறகு ஒலிவாங்கியில் செனெனின் குரல்: “தட்டோட நம்பரத் தங்கத்துல எழுதிக் காட்டின தங்கச்சிக்கு ஒரு கும்பிடு!”

அந்தக் கீறல்கள் — தட்டை வார்த்த ஆலை பொறித்த எண்கள். நாடா பெயரை மறைத்தது. எண்ணை நான் ஆளுயரத்துக்கு எழுதி ஊருக்கு அறிவித்தேன். எண் தெரிந்தால் தட்டைத் தேடிப்பிடிக்கலாம் என்று இசைத்தட்டு தொட்ட எவளுக்குத் தெரியாது? எனக்குத் தெரியாதா? அழகாயிருக்கு அழகாயிருக்குன்னு பார்த்தேனே, என்ன எழுதியிருக்குன்னு பார்த்தேனா?

கூந்தலை வேறு சரிசெய்திருக்கிறேன். வெட்கங்கெட்ட கூந்தல்!

டிசம்பர் 18, திங்கள்

ரெம்பெர்த்தோ கத்துவார் என்று போனேன். கத்தவில்லை. முதலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“கோவமில்லம்மா. நானுந்தான எதிர்ல குந்தியிருந்தேன்? நாடாவையே பாத்துட்டு இருந்துட்டேன்.”

“ஐயா, கார்னிவல் ஆட்டத்துக்கு...”

“முதலை வந்தா பாப்போம். வந்தாலும் படம் வேணாம். நீ கொஞ்ச நாள் கோழியப் பாரு.”

திட்டியிருக்கலாம். ஒரு நாற்காலியையாவது எறிந்திருக்கலாம். கார்னிவல் வீதியில் சினமுதலைக்குப் பின்னால் நிற்காவிட்டால் நான் யார்? பொரித்த கோழியின் ஆட்ட ஆசிரியை.

ஜனவரி 6, சனி

கோழி கண்ணடித்தது. ஒருவரும் தடுக்கவில்லை. இன்பமும் இல்லை.

ஜனவரி 28, ஞாயிறு

காலையில் எய்திஸ் பருப்புக் குழம்புப் பாத்திரத்தோடு வந்தாள். “சாப்பிட்டுட்டு கெளம்பு. இடிமுழக்கம் ஆட்டத்துக்குப் போறோம்.”

“செத்தாலும் வரமாட்டேன்.”

“சாவ வேணாம். மோனோகூகோ வேசம் போட்டுக்க. பெத்தவளே கண்டுபுடிக்க மாட்டா.”

மோனோகூகோ என்றால் தலைமுதல் கணுக்கால்வரை அங்கி, முகமூடி. கார்னிவல் பருவத்தில் யார் எவரென்று கேட்பது முறையன்று. போனேன். வியர்வையில் வெந்தேன். என்னருகே இன்னொரு மோனோகூகோ, நீல அங்கியில். வேடதாரிகளின் வழக்கப்படி குரலைக் கீச்சென்று மாற்றிக்கொண்டு வினவியது:

“அம்மா யாரு? ஊருக்குப் புதுசா?”

“ஆமாங்க, வெளியூரு.”

“நானும் வெளியூருதான்.”

அங்கியின் கீழே பார்த்தேன். வெள்ளைக் காலணிகள். பேட்டையில் அவற்றை அணிபவர் ஒருவரே. என் முகமூடியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். தூரத்தில் எய்திஸ் புட்டிஃபாராத் தட்டால் முகத்தை மறைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தாள். இருவரையும் அவள்தான் தனித்தனியே வரவழைத்திருக்கிறாள்.

செனென் ‘பானை’யைப் போட்டான். பாட்டு எங்கள் கையைவிட்டுப் போவதைக் கேட்கவா வந்தேன்?

முதல் பறை அதிர்ந்தது. இடிமுழக்கத்தின் முன்னே, இடிமுழக்கத்தின் ஆட்டத்தில், அவ்வளவு கைகளும் தாடையாயின. ‘டப்!’ இரண்டாம் அதிர்வு. ‘டப்!’ மூன்றாம் அதிர்வில் வீதி முழுதும் கூவியது: “சினமுதலை!”

செனென் ஒலிவாங்கியைப் பற்றினான். “இது இடிமுழக்கம்யா! இடி! இடி!” அவன் ‘இடி’ என்ற ஒவ்வொரு முறையும் வீதி கடித்தது. பாட்டு பாதி தாண்டவில்லை. வேறு தட்டைப் போட்டுவிட்டான்.

பெயரைத் திருடலாம், எண்ணைத் திருடலாம், தட்டையே திருடலாம். பல்லைத் திருட முடியுமோ?

நீல மோனோகூகோ அசையாமல் நின்றது. பிறகு, பாட்டு பாதியில் அறுந்துபோன அந்த இடைவெளியில், தன் இரு கைகளையும் மெல்ல நீட்டி, யாரும் பார்க்கவில்லை என்ற துணிவில் ஒரு முறை கொட்டியது. ‘டப்.’

“வெளியூர்லயும் இப்பிடித்தானுங்களா?” என்றேன்.

“வாய மூடும்மா” என்றது. கீச்சுக்குரல் மறந்துபோயிருந்தது.

பிப்ரவரி 1, வியாழன்

ரெம்பெர்த்தோ வீட்டுக்கு வந்தார். கையில் புதிய தனிப்பாட்டின் தட்டு. நடுவில் கருப்பு நாடா. அதைச் சுற்றிய வளையம் முழுதும் கருப்பு மெழுகு. இரு மோனோகூகோக்களைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காப்பியைக் குடித்து முடித்துக் கதவருகே போய்த்தான் திரும்பினார்.

“அந்தக் கண்ணு விசயம்...”

“சொல்லுங்கய்யா.”

“எடது கண்ணா, வலது கண்ணா?”

“உங்க இஷ்டம்யா.”

“கார்னிவல் வீதியில செனெனோட பிக்கோ எந்தப் பக்கம் வரும்?”

பிப்ரவரி 11, ஞாயிறு

கார்னிவல். இடிமுழக்கம் இடப்பக்கம் வந்தது. முதலை ஒரே ஒரு முறைதான் கண்ணடித்தது. ரெம்பெர்த்தோ தொப்பியைக் கழற்றினார். வானில் எறிந்தார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார், எந்தக் கூரையில் விழுந்ததென்று.