கடைசியாக உள்ளே வந்த நேரம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தென்மேற்குக் காற்று. பத்தரைக்குப் படகுகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். முட்டுக்காட்டுப் படகுத்துறையில் தண்ணீர் முழுக்கச் சுருக்கம். லைஃப் ஜாக்கெட் 140 அலசிக் கயிற்றில் போட்டேன். கிழிந்தவை 6, கொக்கி போனவை 11. மேனேஜரிடம் சொன்னேன். பார்க்கலாம் என்றார். போன மாதமும் இதையேதான் சொன்னார்.

சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தில் ஷைனியின் கல்லூரிப் பக்கத்தைப் போனில் திறந்தேன். நாடகப் படிப்பு, மூன்று வருடம், பெங்களூருக்கு அந்தப் பக்கம், ஹாஸ்டல். எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். நேர்முகம் முடிந்து மூன்று வாரம் ஆயிற்று. முடிவு இந்த மாதத்துக்குள் எந்த நாளும் வரலாம். நேற்று போனில் பாஸ்வேர்டு சொன்னாள். "எனக்குப் பாக்க தைரியம் இல்லப்பா. நான் அந்தப் பக்கமே போவமாட்டேன். உனக்கும் அம்மாவுக்கும் குடுத்துடறேன், வந்தா யாராவது சொல்லுங்க." கிடைக்காவிட்டால் தாம்பரத்தில் பி.காம். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

உள்ளே போனால் ஒரே வரி. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. அடியில் பொடி எழுத்தில், கடைசியாக உள்ளே வந்த நேரம்: இன்று 05.42.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு நான் குறட்டை. அப்படியானால் கி.

(கி. என்றால் கிரேஸ். என் மனைவி. பதினாலு மாதமாக அவளும் ஷைனியும் ஊரப்பாக்கத்தில், நான் திருவிடந்தையில் மாடி ரூமில். டைரியில்கூட முழுப் பெயர் எழுதக் கை வருவதில்லை.)

ஜூன் 4, புதன்

வெயில். நல்ல கூட்டம்.

பரிசீலனையில் உள்ளது.
05.44
13.18

கி. ஐந்தரைக்கு எழுவாள். பால் பொங்குகிறவரை அடுப்பை விட்டு நகரமாட்டாள். அங்கே நின்றுதான் பார்த்திருக்க வேண்டும். ஒன்று பதினெட்டு, சாப்பாட்டு வேளை. செங்கல்பட்டு மருந்துக் கடையில் அவளுக்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டு வரை ஓய்வு. பதினாலு மாதத்தில் அவளைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்தது இன்றுதான்.

மாலையில் ஒன்று உறைத்தது. அவள் நேரம் எனக்குத் தெரிகிறது என்றால் என் நேரமும் அவளுக்குத் தெரியும். நேற்று நான் பார்த்தது 10.50. வேலை நேரத்தில் போனை நோண்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருப்பாள். சீ.

ஜூன் 5, வியாழன்

அலாரம் வைத்து எழுந்தேன். 05.50க்கு உள்ளே போய் வெளியே வந்தேன். இதற்கு முன் அந்த நேரத்துக்கு எழுந்தது ஷைனி பிறந்த அன்று.

எழுந்தாயிற்று, இனி என்ன செய்வது. துணி துவைத்தேன். கீழே தெருவில் அதற்குள் கூட்டம். பெருமாள் கோவிலுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டிக்கொண்டு வருகிறவர்கள், கழுத்தில் மாலை. கல்யாணம் வேண்டுகிறவர்களின் தெருவாகப் பார்த்து எனக்கு ரூம் கிடைத்திருக்கிறது. பூக்காரம்மா என்னையும் ஒரு நாள் கேட்டாள், மாலை வேணுமா என்று.

ஜூன் 8, ஞாயிறு

ஷை. வந்தாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள். டிக்கெட் கவுண்டர் காதர் பாய் கோவளத்திலிருந்து பக்ரீத் பிரியாணி கொண்டுவந்திருந்தார். பிள்ளைக்குத் தனி டப்பா. இரண்டு துண்டு அதிகம்.

சாப்பிடும்போது கேட்டேன், நேர்முகத்தில் என்ன நடித்தாய் என்று. இத்தனை நாள் கேட்கவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"உன்னத்தாம்பா. சோத்துத் தட்டுக்கு முன்னாடி ஒரு ஆளு பேசாம குந்திகினு கீறான். மூணு நிமிஷம். ஒரு வார்த்தை கெடையாது."

என் டப்பாவை மூடிவைத்தேன். இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. குடித்தேனா, அடித்தேனா, ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். அது என் சுபாவம். முதலில் இரண்டு நாள், பிறகு ஒரு வாரம், கடைசியில் ஏழு மாதம். எதற்கு ஆரம்பித்தேன் என்றுகூட இப்போது நினைவில்லை. கி. ஒரு நாள் சொன்னாள், சுவரோடு குடும்பம் நடத்த முடியாது என்று. மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன், அப்போதும் பேசாமல்.

ஷை. கேட்டாள், கோபமா என்று. இல்லை என்றேன். அந்த ஆள் கை கழுவப் போகும்போது என்ன செய்வான் என்று கேட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு போவான், அதோடு முடிந்தது என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

பரிசீலனை.

மதியம் 1.20. உள்ளே போய் அரை நிமிடம் ஆகவில்லை, வெளியே தள்ளிவிட்டது. வேறு கருவியில் திறக்கப்பட்டுள்ளது என்றது. ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும் போல. திரும்பப் போனேன். அப்படியென்றால் அவளைத் தள்ளியிருக்கும். பத்து நொடியில் என்னைத் தள்ளியது. நான் போனேன். அவள் வந்தாள். நான். அவள். ஆறு தடவை. ஏழாவதில் விட்டுக்கொடுத்தேன்.

கல்யாணம் ஆன புதிதில் இப்படித்தான் மிஸ்டு கால் கொடுத்துக்கொண்டிருப்போம். யார் கடைசியில் கொடுப்பது என்று போட்டி.

கா. பாய் எட்டிப்பார்த்தார். "இன்னா அண்ணாத்த, தனியா சிரிச்சிகினு கீற?" ஒன்றுமில்லை என்றேன். சோடா வாங்கிக்கொடுத்தேன் அவருக்கு. சாயங்காலம்வரை உடம்பு லேசாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

லீவு. ஷை.யின் இருப்பிடச் சான்றில் ஒரு திருத்தம், அதற்காகச் செங்கல்பட்டு. தாலுகா ஆபீஸில் இரண்டு மணி நேரம் நின்றேன். இடம் கிடைத்தால் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் இந்தத் தாளை என்ன செய்வது.

வேலை முடிந்ததும் நேரே பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. மருந்துக் கடைக்கு எதிரே கரும்புச் சாறு வண்டி. அதன் பின்னால் நின்றேன், திருடனைப் போல. வயது நாற்பத்தாறு.

1.15க்கு கி. டிபன் பாக்ஸைத் திறந்தாள். மெலிந்திருக்கிறாள். கண்ணாடி புதிது. இரண்டு வாய் வைப்பதற்குள் ஆள் வந்தது, எழுந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தாள். போனை எடுக்கிறாளா என்று பார்த்தேன். எடுக்கவில்லை. 1.35க்குக் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் பார்த்தேன். 13.22. நடுவில் ஒரு லாரி குறுக்கே வந்து நின்றதே, அந்த நேரத்தில் பார்த்திருப்பாள்.

ஜூன் 14, சனி

புழுக்கம். படகுத்துறையில் ஒரு சின்னப் பெண் ஜாக்கெட் போடமாட்டேன் என்று அழுதது. மீன் வடிவத்தில் ஒன்று இருக்கிறது என்று பொய் சொல்லிப் போட்டுவிட்டேன்.

05.41
13.20
17.05
பரிசீலனை.

இன்று ஒரு நினைப்பு வந்தது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. இந்த முடிவு வராமலே இருந்தால் தேவலை. வந்துவிட்டால் அந்தப் பக்கத்துக்கு யார் போகப்போகிறார்கள். அவள் ஏன் போகப்போகிறாள். பெற்ற பிள்ளை நகம் கடித்துக்கொண்டு காத்திருக்கிறது, அப்பன் நினைக்கிற நினைப்பைப் பார்.

ஜூன் 16, திங்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நேற்று முழுக்கப் பார்க்கவே இல்லை. மாலை 6.40க்கு ஒரு தடவை.

இன்று காலை 06.00. கடைசி நேரம்: நேற்று 18.40. அது நான்.
மதியம் 1.30. கடைசி நேரம்: 06.00. அதுவும் நான்.
மாலை 5. கடைசி நேரம்: 13.30.

என் நேரத்தை எனக்கே காட்டிக்கொண்டிருக்கிறது. காலி வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருக்கிறது. அவளுக்கு என்ன ஆயிற்று. உடம்பா. மருந்துக் கடையில் இருக்கிறவளுக்கு என்ன உடம்பு. இல்லை, அன்று கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால் என்னைப் பார்த்துவிட்டாளா.

சாப்பிடவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

ஏழு மணிக்கு ஷை.க்குப் போன். சுற்றி வளைத்தேன். வீட்டில் எல்லாம் எப்படி, தண்ணீர் வருகிறதா, அம்மா நன்றாக இருக்கிறாளா.

அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஜுரம் என்றாள். குரல் கட்டியிருந்தது.

அப்பாடா என்று இருந்தது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது, பிள்ளைக்கு ஜுரம் என்கிறாள், நான் அப்பாடா என்கிறேன். திரும்பக் கூப்பிட்டுக் கஞ்சி குடி என்று சொன்னேன். எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிள்ளைக்கு முடியாததால் கி. போனைத் தொடவில்லை. சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 18, புதன்

05.42.

காற்று குறைவு. படகு எல்லாம் ஓடின. ஜாக்கெட்டுக்குப் புதுக் கொக்கி வந்துவிட்டது, பதினொன்றும்.

ஜூன் 19, வியாழன்

வந்துவிட்டது.

காலை 11.40க்குத் திறந்தேன். பச்சையில் இருந்த வரி கறுப்பாக இருந்தது. வருந்துகிறோம் என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, ஆனாலும் மூன்று தடவை படித்தேன். மூன்று நிமிடம் என்னைப் போல உட்கார்ந்து காட்டியிருக்கிறாள். அது போதவில்லை. வேறு எவனையாவது நடித்திருக்கலாம்.

கடைசி நேரம் 11.02. கி. எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டாள். அவளே ஷை.யிடம் சொல்லட்டும் என்று விட்டேன். அவள் சொல்வதுதான் சரி. நான் சொன்னால் கட்டையால் அடித்தது போலச் சொல்வேன். போன் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி. இரண்டு. மூன்றரை. வரவில்லை.

நாலு மணிக்கு நானே கி.யைக் கூப்பிட்டேன். பதினாலு மாதத்துக்குப் பிறகு. நம்பர் மனப்பாடம். இரண்டாவது மணியில் எடுத்தாள்.

"சொல்லுங்க" என்றாள். போன வருடம்வரை "இன்னாய்யா" என்பாள்.

ஷைனியிடம் சொல்லிவிட்டாயா என்றேன். எதை என்றாள். முடிவை என்றேன். கடையில் யாரையோ நிற்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்.

"வந்துட்ச்சா? இன்னா போட்டுகீது?"

நீதான் பதினொரு மணிக்குப் பார்த்தாயே என்றேன்.

"நான் எங்க பாத்தேன்? எனக்கு அதெல்லாம் பாக்க மனசு வரல. பாஸ்வேர்டே வேணான்னு அன்னிக்கே சொல்லிட்டேன். நீங்க பாத்துப்பீங்கன்னு இருந்தேன்."

ஷைனி எங்கே என்றேன். வீட்டில்தான் இருக்கிறாள், மதியம் கூப்பிட்டபோது எடுக்கவில்லை, ஜுரம் அசதியில் தூங்குகிறாள் என்று நினைத்தேன் என்றாள். கிடைக்கவில்லை என்று அப்போதுதான் சொன்னேன். கட்டையாகத்தான் சொன்னேன். கடையை விட்டுக் கிளம்ப ஆறாகும் என்றாள். நான் போகிறேன் என்றேன்.

ஜாக்கெட்டுகளைக் காதர் பாயிடம் விட்டேன்.

கேளம்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் இதை எழுதுகிறேன். வண்டலூர் பஸ் இன்னும் வரவில்லை. மூன்றாம் தேதியிலிருந்து எழுதியதைப் புரட்டினேன். பால் பொங்குகிறது, சாப்பாட்டு வேளை, குறுக்கே நின்ற லாரி. எல்லாம் நானே கட்டியது. ஐந்து நாற்பத்திரண்டு என் பிள்ளையுடையது. ஜுரத்தோடு மூன்று நாள் படுத்திருந்தது அவள். பதினொரு மணியிலிருந்து தனியாகத் தெரிந்துவைத்துக்கொண்டிருப்பதும் அவள்தான்.

ஜூன் 20, வெள்ளி

மதிய ஷிப்ட். காலையில் ரூமில்.

நேற்று. கதவைத் திறந்த ஷை.யின் முகம் வீங்கியிருந்தது. உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன், என்ன பேசுவது என்றுதான் முடிவு செய்யவில்லை. கொக்கி வந்ததைச் சொன்னேன். மீன் ஜாக்கெட் பொய்யைச் சொன்னேன். காதர் பாய் மச்சான் பிறை பார்க்கப் போய் வழுக்கி விழுந்ததைச் சொன்னேன். வாய் நிற்கவில்லை. ஒரு கட்டத்தில் ஷை. என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அப்போதும் நான் எதையோ சொல்லிக்கொண்டேயிருந்தேன்.

ஏழு மணிக்குக் கிரேஸ் வந்தாள். தோசை ஊற்றினாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். தாம்பரத்தில் போய்ச் சேரட்டும், அடுத்த வருடம் திரும்ப விண்ணப்பம் போடட்டும் என்றாள். நானும் அதையே சொன்னேன். இன்னொரு தோசை வைக்கட்டுமா என்று கேட்டாள். வை என்றேன். எனக்கும் அவளுக்கும் நடந்த பேச்சு அதுதான். இரு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் செருப்பு மாட்டும்போது டிவி போட்டுவிட்டாள்.

ஷை. பஸ் ஸ்டாப்வரை வந்தாள். நடந்துகொண்டே சொன்னாள்.

"பாக்கமாட்டேன்னு சொன்னேனே தவிர, காலைல கண்ணு முழிச்சதும் அதத்தாம்பா தொறப்பேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பத் தொறந்தா உன் டைம் இருக்கும். அஞ்சு அம்பது, ஆறு மணின்னு. அப்பாவும் எனக்கோசரம் எழுந்து பாத்துகினு கீறாருன்னு தோணும். அப்பறந்தான் பல்லே தேய்க்கப் போவேன்."

பஸ் வந்துவிட்டது. ஏறும்போது கையைப் பிடித்தாள்.

"அலாரம் வெச்சா எழுந்த?"

ஆமாம் என்றேன்.

"எனக்கோசரமா?"

ஆமாம் என்றேன்.