திரும்பி வராதவர்கள்

பிப்ரவரி 3
இன்றைய அதிசயம்: அறுபது வயது ஆணுக்குச் சுகப்பிரசவம். எந்த எழுத்தரோ குறியீட்டு எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறார். "தாயும் சேயும் நலமா?" என்று பேராசிரியர் சிரித்தார்.

பெயர் நீக்கிய எண்பதாயிரம் காப்பீட்டுப் பதிவுகள். முதுகெலும்பில் திருகாணி வைத்துக்கொண்டவர்களை அவற்றிலிருந்து பொறுக்குகிறேன். இரண்டு ஆண்டுக்குள் மறு அறுவை சிகிச்சைக்கு வராதவர், குணமானவர். விதியை எழுதியது நான்தான்.

பிப்ரவரி 19
நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் குணம்! மீதி ஆறு பேர்தான் திரும்பி வந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 24
கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது. அதே ஆட்கள் காப்பீட்டில் வாங்கிய மருத்துவச் சாதனங்களின் பட்டியலைச் சும்மா சேர்த்துப் பார்த்தேன். 'குணமானவர்களில்' எத்தனையோ பேர் பிறகு சக்கர நாற்காலி வாங்கியிருக்கிறார்கள். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுத்துணி வாங்கியிருக்கிறார்கள். திரும்பி வராதது குணமானதாலா, நொந்துபோனதாலா?

பேராசிரியரிடம் ஓடினேன். "அது வேற பட்டியல்மா. நம்ம கேள்வி மறு ஆபரேஷன் மட்டும்தானே? ஆய்வோட குறைபாடுகள்னு கட்டுரை கடைசியில ஒரு வரி போட்டுடு."

போட்டேன். முழுப் பூசணிக்காயை ஒரு வரிச் சோற்றில் மறைத்தாயிற்று.

ஜூன் 11
கட்டுரை வெளிவந்தது. என் பெயர் முதலில்.

ஆகஸ்ட் 2
அண்ணன் போன் செய்தான். நான்கு வருட முதுகுவலி. கத்தி என்றாலே ஓடுகிறவன். "டாக்டர் உன் கட்டுரையத்தான் காட்டினாரு. நூத்துக்குத் தொண்ணூத்தி நாலாமே! நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். தேதி வாங்கிட்டேன்."

அவன் குரலில் அவ்வளவு பெருமை. நான் சொல்லியிருக்கணும். அந்தக் கடைசி வரியையாவது படிச்சுக் காட்டியிருக்கணும். "நல்லபடியா நடக்கும்ணே"ன்னு சொல்லிட்டேனே — ஏன்? வெட்கமா?

ஆகஸ்ட் 20
அண்ணனுக்குக் கால்களில் உணர்வில்லை. போகப்போகச் சரியாகும் என்கிறார் மருத்துவர்.

மார்ச் 9
சக்கர நாற்காலி வந்தது. வாசற்படி ஏறவில்லை, அண்ணியும் நானும் தூக்கி வைத்தோம். வேறு மருத்துவரைப் பார்க்கலாம் என்றேன்.

"மறுபடியும் கத்தியா? செத்தாலும் அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்று அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அண்ணிதான் அடுப்படியில் கேட்டாள்: "உன் கணக்குல இவரு அந்த ஆறு பேர்ல ஒருத்தரா?"

"இல்லண்ணி. தொண்ணூத்தி நாலுல."