பாலத்துக்கு மேலே ஒரு விலாசம்

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் கூப்பிட்டால் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் யாராவது இருப்பார்கள், புரிகிறது. அதனால்தான் கடிதம். உன் மாமியார் கண்ணில் படாமல் படித்துவிடு.

கோடை தொடங்கும்போது நம் தெருமுனைச் சுவரில் வார்டு அலுவலகத்துக்காரர்கள் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். நம் மொழியில். நம் மொழியில் இதுவரை அவர்கள் ஒட்டியது இரண்டே நோட்டீஸ்தான். குப்பை கொட்டாதே, வீட்டைக் காலி செய். இப்போது திடீரென்று, பாலத்துக்கு மேலே இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது, வாருங்கள் என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

இதற்கென்று வார்டு அலுவலகத்திலிருந்து ஒருத்தி வந்து, நம் பெண் இஸ்திரி போடுகிற சலவைக் கடையின் பின் அறையில் உட்கார்ந்தாள். எப்போதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். கண்ணாடிக்காரி என்றே பெயராகிவிட்டது. அவர்கள் ஆள்தான், நம் ஆள் இல்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்றால் நம் கொடியில் காயும் துணி தெரிகிறதாம், ஆனால் நாம் உள்ளே போவது தரை துடைக்க மட்டும்தானாம். இது நமக்குத் தெரியாதா? இதைக் கண்டுபிடிக்க ஒரு கமிட்டி, கமிட்டிக்கு டீ, பிஸ்கட். அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் பாலத்துக்குக் கீழே இருக்கிற தெருக்காரர்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். பயிற்சிக்கும் சம்பளம் உண்டு என்றாள்.

இத்தனை இனிப்பாகப் பேசினால் எனக்கு ஆகாது. தலையை எண்ணிவிட்டு வீட்டை இடிக்கவோ என்று நினைத்தேன். நம் பெயிண்டர் மாமாவுக்கு நடந்தது ஞாபகம் இருக்கிறதா? புதுச் சட்டை கொடுத்தார்கள், நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள், சட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

நீ வாயாடி என்று கூப்பிடுகிற என் மகள் கேட்கிறாளா? அதே வேலையைப் படித்து முடித்துவிட்டு ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறவள் அல்லவா, துள்ளிக்கொண்டு விண்ணப்பம் எழுதினாள். சரி, எழுது, ஆனால் சித்தி விலாசத்தைப் போடு என்றேன். நீ மேலே குடிபோன நாளிலிருந்து அதைத்தானே செய்கிறோம்? நம் தெருப் பெயரைப் போட்டால் பதிலே வராது. உன் விலாசம் போட்டால் இடம் இல்லை என்றாவது ஒரு வரி வரும். இந்தத் தெருவில் பாதி வீட்டுக்கு மேலே ஒரு விலாசம் இருக்கிறது. இந்தத் தடவை நம் தெருவைத்தான் போட வேண்டுமாம் அம்மா என்று அவள் மன்றாடினாள். யாரோ சொன்னால் நம்பிவிடுவாயா, நாளைக்கு ஒன்று என்றால் வீட்டு வாசலுக்கு ஆள் வருவான் என்று அதட்டி, நானே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லையாம். கருவித் தட்டைக் கையில் கொடுத்து, கழுவித் துணியில் கட்டிக் காட்டச் சொன்னார்களாம். நம் பெண் செய்ததைப் பார்த்துவிட்டு, இவளை எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே பேசிக்கொண்டார்களாம். அப்புறம் விலாசத்தைப் பார்த்திருக்கிறார்கள். மேலே இருக்கிறவர்களுக்கு இது கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். நம் ஆள் இல்லை என்று நம் பெண்ணையே அனுப்பிவிட்டார்கள், கேட்டாயா இந்தக் கூத்தை?

எதிர்வீட்டுப் பையன், டீக்கடையில் கிளாஸ் கழுவினவன், அங்கே வேலைக்குப் போகிறான். போட்டோகூட எடுக்கவில்லையாம். முதல் சம்பளம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றேன். வந்துவிட்டது. அன்றிலிருந்து வாயாடி என்னோடு பேசுவதில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன்.

போன வாரம் கண்ணாடிக்காரி வீட்டுக்கே வந்தாள். தையல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மாதக் கடைசிவரை ஒரு இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறோம், பெண் கீழேதான் இருக்கிறாள் என்று காட்ட ஒரு சான்று வேண்டும் என்றாள். ஆனால் நம் பெண்ணின் சான்றிதழ் எல்லாவற்றிலும் உன் விலாசம். வீட்டுச் சொந்தக்காரரிடம் கையெழுத்துக் கேட்டேன், நமக்கு வாடகைக்கு விட்டதே வெளியே தெரியக் கூடாது என்று வாசலோடு அனுப்பிவிட்டார். அப்போதுதான் அவள் சொன்னாள்: "மேலே அந்த விலாசத்து வீட்டுக்காரங்க ஒரு கடிதம் எழுதட்டும்மா. பொண்ணு எங்க சொந்தம், விலாசம்தான் எங்களது, அவ இருக்கிறது கீழேதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும்."

பொய் விலாசம் கொடுத்தோம் என்று கேஸ் போடுவீர்களா என்று நேராகவே கேட்டேன். போட்டால் இடத்தைப் பிடித்துவைத்த நான்தான் முதல் ஆளாக மாட்டுவேன் என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் நான் முழுசாக நம்பவில்லை.

எங்கள் சொந்தம் என்று எழுத வேண்டும், சின்னவளே. அப்படி எழுதினால் நீ யார் என்று எழுதினதாகிவிடும். அங்கே உன் மாமியாருக்கும் அலுவலகத்துக்கும் நீ யாரென்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். உன் பிழைப்பு அது. இதுவரை ஒரு வார்த்தை கேட்டிருக்கிறேனா? விசாரிக்க ஆள் வராது என்கிறாள் அவள். வந்தால் நான் என்ன செய்ய முடியும்? நீ எழுதுவாய் என்றும் எனக்கு நிச்சயமில்லை. கோபித்துக்கொள்ளாதே. ஆளைச் சந்தேகப்பட்டே பழகிவிட்டேன்.

அக்கா மகள் என்று எழுது. முடியவில்லை என்றால் தெரிந்த பெண் என்று எழுது. அதுவும் செல்லுமா என்று கேட்டு வைத்திருக்கிறேன், செல்லுமாம். ஆனால் அப்படி எழுதினால் உறையை நன்றாக ஒட்டி அனுப்பு. கொண்டுபோய்க் கொடுக்கப்போவது வாயாடிதான். சித்தி எழுதினதை அவள் படிக்க வேண்டாம்.

நீயும் உன் கணவரும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள்.

பாலத்துக்குக் கீழே, அதே வீட்டிலிருந்து,
உன் அக்கா