திருப்பிப் படித்தாலும் அதே வார்த்தை

அன்புள்ள மகள் சத்யாவுக்கு, பழவேற்காட்டிலிருந்து நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. உன் போன் மூன்று நாளாக ஸ்விட்ச் ஆஃப். நேற்று உன் அறைத்தோழி சுமலதாவைப் போனில் பிடித்துக் கேட்டேன். சாப்பிடுகிறாள், ஆபீஸ் போகிறாள், வீட்டோடு மட்டும் பேசமாட்டேன் என்கிறாள் என்றது அந்தப் பெண். கடிதம் போட்டால் கையில் கொடுக்கிறேன் என்றதால் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். ஒரு வார்த்தை முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றாக வருகிறதா என்று பார்க்கும் புரோகிராமை ஆபீஸ் பரீட்சையில் எழுத முடியவில்லை, வருகிற வியாழக்கிழமை மறுபரீட்சையிலும் எழுத வராவிட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று நீ போனில் அழுதாய். நான் சிரித்தேன். விகடகவிய திருப்பிப் படிக்க சின்னப் பசங்களுக்கே தெரியுமே, இதுக்கா உன்ன நாலு வருஷம் படிக்க வச்சேன், இன்னா மூஞ்ச வச்சிக்கினு ஊருக்கு வருவே என்று கேட்டுவிட்டேன். நீ வராமலே இருந்துவிடுவாயோ, எதையாவது செய்துகொள்வாயோ என்று பயமாக இருக்கிறது சத்யா. உன் அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, அவளும் என்னிடம் சொல்லாமல் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று மீஞ்சூருக்குப் போனேன். என் அக்கா மகன் மதன், வள்ளூர் மின் நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறானே, அவனிடம் கேட்டேன். முதல் எழுத்தில் ஒரு விரல், கடைசி எழுத்தில் ஒரு விரல், இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் உள்ளே நகர்த்த வேண்டும் என்று காட்டினான். இவ்வளவுதானா என்றேன். நமக்கு கண்ணு இருக்குது மாமா, கம்ப்யூட்டருக்கு ஒவ்வொண்ணா சொல்லணும், நடுவுல நில்லுன்னு சொல்லலன்னா அது போய்க்கினே இருக்கும் என்றான். அவன் அடித்தபோதே இரண்டு முறை தப்பு என்று காட்டியது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாகிவிட்டது. தெரியாத விஷயத்தில் வாயைவிட்டு என் பெண்ணை நோகடித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை ஏரியில் வலைபோட நம் முறை. சீட்டுக் குலுக்கியதில் நமக்கு விழுந்த பாடு, இறால் வரும் நேரம், விட்டால் அடுத்த சுற்றுக்குத்தான். வேறு யாராவது போகட்டும் என்று ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். புதன்கிழமை புனேவுக்கு ரயில் ஏறுகிறேன்.

கங்கையம்மன் உன் பக்கத்தில் இருப்பாள், நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு மட்டுமாவது ஒரு போன் போடு. பரீட்சை முடியும்போது உன் ஆபீஸ் கேட்டுக்கு வெளியே நிற்பேன். பாஸா பெயிலா என்று கேட்கமாட்டேன். நீ என்னோடு பேசக்கூட வேண்டாம், வெளியே நடந்து வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் நைனா ரங்கசாமி